பெரிய கார்பரேட்டர்

ஆரப்பாளையம் லாட்ஜ் வாசலில் யாரோ பைக்கிலிருந்து வழியவிட்ட பெட்ரோல் வாடை, யுத்தம் முடிந்த சமயத்தில் அதே இடத்திலிருந்த எங்கள் தகரக் கொட்டகைக்கும், எண்ணெய் ஊறிய அதன் மண்தரைக்கும், அப்பாவின் லாரிக்கும் என்னை இழுத்துப் போயிற்று.

பட்டாளத்து லாரியில் கழற்றிய பெரிய கார்பரேட்டர் ஒன்றை அப்பா ஆசையாக வாங்கிவந்திருந்தார்.

"மாப்ள, தெருவுல ஓடுற வண்டிக்குச் சின்னதே போதும். மெதுவாப் போகையில இது பெட்ரோலைக் கொட்டி இன்ஜினை அடைச்சுரும்," என்றார், அப்பாவோடு முறைவைத்துப் பழகிய மெக்கானிக் காதர்.

"இழுவை வேணும்ல மாமா," என்று அப்பா அதையே மாட்டவைத்தார்.

பிரசவ வலியில் துடித்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த லாரியில்தான் ஏற்றினோம். சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்த லாரி இருமி இருமி நின்றுபோனது. அந்த வாடைக்குள்ளேயே, என் மடியில், அம்மா அடங்கிப்போனாள்.

காரியம் முடிந்ததும் காதர் மாமா சின்னதை மாட்டினார். அதற்கப்புறம் லாரி எந்தத் தெருவிலும் நின்றதில்லை. அப்பாதான் அதில் ஏறவேயில்லை.