கீழே இறக்கிய பாட்டு

காது பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே இருப்பவர் இரண்டாவது தடவை "என்ன?" என்று கேட்டால் போதும், மனசுக்குள்ளேயே அவருக்குச் சோதனை செய்து முடித்துவிடுவோம். முன்மேஜையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற எனக்கே அந்த வியாதி தொற்றிவிட்டது. உள்ளே சோதனை அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து சோதனை செய்கிற அக்காவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அக்காவின் வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு மாமா. டைல்ஸ் வெட்டுகிற மெஷின் வருஷக்கணக்காகப் பக்கத்திலேயே கத்திக் கத்தி, மெல்லிசான சத்தங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. முதலில் குருவிகள் போயின. பிறகு வாசல் மணி. அதற்கப்புறம் அவருடைய சொந்தச் சீட்டி. காலையில் ஒரு மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டேதான் படி இறங்குவாராம். அடுப்படியில் நின்றபடி அது தெருமுனை வரை போவதை அக்கா கேட்பாளாம். ஒருநாள் அது நின்றுவிட்டது.

"ஏங்க, இப்பல்லாம் சீட்டியே காணோம்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அடிச்சா வெறும் காத்துதான் வருது. ரேடியோ போட்டாலும் அப்படித்தான். எவனோ எல்லாப் பாட்டு மேலயும் கம்பளியைப் போர்த்திட்டான்."

அக்கா அவரை இழுத்துவந்து தானே சோதனை செய்தாள். காகிதத்தில் கோடு பாதி தூரம் நேராகப் போய், அதன் பிறகு சறுக்குமரம் மாதிரி இறங்கியது. குருவி, சீட்டி மாதிரி உயரமான சத்தங்கள் போய்விட்டன, கீழே உள்ளவை பத்திரமாக இருக்கின்றன என்று அர்த்தம். காதில் மெஷின் மாட்டிக்கொள்ளச் சொன்னால், "இதுக்குப் போய் மெஷின் எதுக்கு?" என்று மாமா நழுவிவிட்டார். எங்கள் டாக்டரும் இப்போதைக்கு அவசரமில்லை என்றார். அக்கா மட்டும் அந்தக் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு சுற்றினாள். போனதைப் பற்றி அவள் பேசவே இல்லை. பாதி மிச்சமிருக்கிறது, அந்தப் பாதிக்குள்ளேயே முழுசாக அடங்குகிற மாதிரி அவருடைய சீட்டி மெட்டைக் கீழே இறக்கி ஒரு பாட்டுச் செய்துவிட்டால் என்ன என்பதுதான் அவள் பேச்சு.

இதைச் சொன்னவள் பிறந்ததிலிருந்து ஒரு வாத்தியத்தைத் தொட்டதில்லை. "அக்கா, என் காதுலயே பூ சுத்துறீங்களா?" என்றேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. கம்ப்யூட்டரிலேயே பாட்டுச் செய்கிற மென்பொருள் இருக்கிறதாமே, அதில் எது நல்லது என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டாள்.

அங்கேதான் பிடித்தது சனி. மாடியில் கணக்கு எழுதுபவர், விழாக்களில் கீபோர்டு வாசிப்பவர். அவரிடம் கேட்டதும், இருப்பதிலேயே பெரிதை நீட்டினார். ஆயிரம் வாத்தியங்களாம், பெரிய ஸ்டூடியோக்களில் எல்லாம் அதுதானாம். அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "விமானி உக்காரற இடத்துல என்னைக் கொண்டுபோய் உக்கார வச்சிட்டாரு" என்றாள். அடுத்ததில் வண்ண வண்ணக் கட்டங்கள். எதைத் தொட்டாலும் டமடமவென்று ஒரு கூட்டமே ஆடக் கிளம்பிவிடும். இன்னொன்று போனிலேயே ஓடுவது, அக்காவின் விரலுக்கு அதன் பொத்தான்கள் கடுகு. 'புதியவர்களுக்கு ஏற்றது எது' என்று பேசுகிற வீடியோக்களை மதிய இடைவேளை முழுக்க ஓடவிட்டுப் பார்ப்போம். ஆளுக்கொன்றைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

அக்கா எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள். "இதுல காதை மூடிக்க முடியுமா?"

கணக்கர் மேலும் கீழும் பார்த்தார். "காதைத் திறக்கத்தானே எல்லாரும் இதுக்கு வர்றாங்க?"

"இல்லைங்க. நான் செய்யறதை அவருக்குக் கேக்கற மாதிரியே நான் கேக்கணும். மேல இருக்கற சத்தத்தை எல்லாம் வெட்டிட்டு."

அந்த வசதி எல்லாவற்றிலும் இருந்தது. பெரியதில் அதைத் தேடி ஏழு கதவு திறக்க வேண்டும். ஓசிக்குக் கிடைக்கிற, யாருமே சிபாரிசு செய்யாத ஒன்றில் மட்டும் முதல் பக்கத்திலேயே ஒரு கோடாக நின்றது, விரலால் பிடித்து இழுத்தால் போதும். அக்கா பைக்குள் இருந்த காகிதத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, மாமாவின் கோடு எப்படிச் சறுக்கியதோ அப்படியே அந்தக் கோட்டையும் இழுத்துவிட்டாள். அவ்வளவுதான், மென்பொருள் முடிவாகிவிட்டது. கணக்கருக்கு மனத்தாங்கல்.

அதன் பிறகு அக்கா எங்களோடு இல்லை. ஆள் இங்கே, மனசு எங்கேயோ. ஹெட்போனை ஒருதடவை என் தலையில் மாட்டிவிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கிக் கிடந்தபடி, வெளியே யாரோ பாடுவதைக் கேட்கிற மாதிரி இருந்தது. ஓரங்கள் இல்லாத சத்தம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கழற்றியதும் எங்கள் மின்விசிறி, தெரு, என் சொந்தக் குரல் எல்லாமே கீச்சென்று கேட்டன. மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அக்கா அந்தத் தொட்டிக்குள்ளேயே குடியிருந்தாள். பெயர் கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவாள், தூங்கி எழுந்தவள் மாதிரி ஒரு சிரிப்பு இருக்கும். அவரோடு ஒரே வீட்டுக்குள் இப்போதுதான் இருப்பதாக ஒருநாள் சொன்னாள்.

பாட்டு முடிந்தது. மதியம், எங்கள் ஊழியர்களில் யாருமே சாப்பிட்ட கையைக் கழுவாத நேரமாகப் பார்த்து மாமாவை வரவழைத்தாள். சோதனை அறைதான் இருப்பதிலேயே அமைதியான இடம், வெளிச்சத்தம் எட்டிப்பார்க்காது. அவரை உள்ளே உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன் தலையிலும் ஒன்று மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் தலை ஆடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமாவின் தலையும் ஆடியது. முழங்காலில் தாளம் வேறு. எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

அக்கா சந்தோஷத்தில் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்தாள். மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. நல்ல இடம் போல, லயித்துவிட்டார் என்று நினைத்தேன். அவள் கண் திறந்து தலையை ஆட்டியதும் அவர் கை மறுபடி தொடங்கியது.

என்னைவிட அக்காவுக்கு இந்த வேலை தெரியும். அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, எந்தப் பாட்டிலும் இல்லாத ஒரு கோணல் தாளத்தை விரலால் மேஜையில் தட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா முகம் மலர அதே கோணல் தாளத்தைத் தட்டினார்.

சோதனைக்கு வருகிறவர்களை நாங்கள் பக்கவாட்டில்தான் உட்காரவைப்போம். சத்தம் அனுப்பும்போது எங்கள் கை அசைவதைப் பார்த்தே பொத்தானை அமுக்குகிறவர்கள் உண்டு. அன்றைய சோதனையில் அவரை மட்டும், சொந்தப் புருஷனாயிற்றே என்று, அக்கா தன்னைப் பார்த்த மாதிரி உட்காரவைத்திருக்கிறாள். அப்படியென்றால் அந்தக் கோடு பொய். மிச்சமிருந்த பாதியும் பொய்.

அக்கா உள்ளே போய் அவர் ஹெட்போனைக் கழற்றினாள். கதவு திறந்தே இருந்தது.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?" வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகக் கேட்டாள்.

மாமா திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல விழித்தார். "அன்னைக்கு நான் அமுக்காம இருந்தப்பல்லாம் உன் மூஞ்சி விழுந்துபோச்சு. என்னால பார்க்க முடியலை. அதான் உன் கை அசையறதைப் பார்த்துப் பாதிக்கு அமுக்கிட்டேன்."

"பாட்டு?"

"பாட்டு கேக்கலைம்மா. நீ கேட்டதைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

அக்கா நாற்காலியைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினாள், அவரோடு சேர்த்தே. ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்து, வெளியே வந்து முதலிலிருந்து சோதனையைத் தொடங்கினாள். அவர் அமுக்கினால் எங்கள் பக்கம் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். விளக்கு எரியவில்லை. இன்னும் கூட்டினாள். நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கடைசியில், அடிமட்டத்தில், லாரி உறுமுகிற மாதிரியான இரண்டே சத்தங்களுக்கு அது எரிந்தது. புதுக் கோடு காகிதத்தின் அடியோடு ஊர்ந்துபோய்க்கொண்டிருந்தது.

சுவரைப் பார்த்தபடியே மாமா சத்தமாகக் கேட்டார். "இப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கு?"

அக்காவின் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. புறங்கையால் துடைத்தாள். அவர் ஹெட்போனுக்குக் குரல் அனுப்புகிற மைக்கைக் கிட்டே இழுத்து, ஒலியை முழுக்கத் திருகி, தன் குரலை அடிவயிற்றுக்கு இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மூஞ்சிக்கு ஒண்ணும் இல்லைங்க. பாட்டைத்தான் இன்னும் கீழ இறக்கணும்."

மாமாவின் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு விளக்கு எரிந்தது.