நிற்காத என்ஜின்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களைப் பத்து பகாட் டவுனுக்கு ஏற்றிப்போகும் வாடகைக் காரின் ஓட்டுநர் அவர். காக்கிச் சட்டையெல்லாம் பேட்டரி அமிலம் தின்ற ஓட்டைகள். வழியில் காப்பிக்கடையில் நாங்கள் இறங்கினாலும் என்ஜினை அணைக்கமாட்டார். மட்கார்டில் சாய்ந்து நின்றபடியே குடிப்பார்.

“டைனமோ கெட்டுப்போச்சாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மீட்டர் முள்ளு சார்ஜ் பக்கந்தான் காட்டுது தம்பி. டைனமோ நல்லாத்தான் குடுக்குது. பேட்டரிதான் வாங்குனத வச்சுக்க மாட்டேங்குது. அணைச்சா நீங்கதான் தள்ளணும்.”

“புதுசு போடலாமே?”

“கார் மொதலாளி பாக்கலாம்ங்கிறாரு.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அந்த இரைச்சலிலும் அதிர்விலும் நின்றபடியே தூங்கிவிட்டார். கடைக்காரர் கோப்பையைக் கையிலிருந்து எடுத்தபோதும் அசையவில்லை.

திடீரென்று என்ஜின் இருமி நின்றது. அந்த அமைதியில்தான் பதறி விழித்தார்.

எத்தனை இரவு தூங்கவில்லையோ, யாரும் கேட்கவில்லை. தள்ளுவதற்குக் காரின் பின்னால் போனோம்.