ஓடுதுங்க

போன மாதம் முதல் முறையாக விமானத்தில் ஏறினேன். மகள் டிக்கெட் போட்டிருந்தாள், கோயமுத்தூரிலிருந்து சென்னைக்கு. ஜன்னல் ஓரம் கிடைத்தது. சீட்டு பெல்ட் மாட்டத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா மாட்டிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் மிஷினுக்கு பெல்ட் மாட்டியவன் நான்.

கதவை மூடியும் விமானம் கிளம்பவில்லை. சின்ன டெக்னிக்கல் வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். வெளியே பார்த்தேன். இறக்கைக்குக் கீழே ஏணி போட்டு ஒருவன் நின்றிருந்தான். எதையோ திறந்து பார்த்துவிட்டுத் தலையை இடம் வலமாக ஆட்டினான். கீழே டை கட்டிய ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேலும் கீழுமாக ஆட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

ஏறும்போதே மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. அந்த வாசம் என்னோடு குடும்பம் நடத்திய வாசம். கோத்தகிரி ரோட்டில் ஒரு தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்தேன். பேரிங் கழுவ மண்ணெண்ணெய், கை கழுவ மண்ணெண்ணெய். நான் வீட்டுப் படி ஏறும் முன்பே என் சம்சாரம் கதவைத் திறந்துவிடுவாள். கால் சத்தம் கேட்டு இல்லை.

அது தேயிலை விலை விழுந்த காலம். பச்சை இலையைக் கேட்பார் இல்லை. சிறு விவசாயிகள் சிலர் செடியை வெட்டி விறகாக்கினார்கள். பேக்டரியில் முதலில் நின்றது சாயங்கால டீக்கு பன். அடுத்து நின்றது ஸ்பேர் சாமான். பேரிங் போய்விட்டது என்று மேனேஜரிடம் போய் நின்றால் ஒரே பதில்தான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா."

எங்களோடு ராசலிங்கம் அண்ணன் என்று ஒரு பிட்டர். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனால் வேலையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். ஒரு நாள் ஸ்டோருக்குப் போய் முகத்தை மாற்றாமல் கேட்டார். "ரெண்டு அட்ஜஸ்ட் குடுங்க. பெரிய சைஸ்." ஸ்டோர்காரர் பாவம், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

இலையை அரைக்கிற மிஷின் எங்களுக்கு மூன்று. பல் வைத்த இரண்டு ரோலர் எதிரெதிராகச் சுற்றும். நடுவில் இலை நசுங்கி வரும். இலை வரத்துக் குறைந்ததும் மூன்றாம் நம்பரை நிறுத்தினார்கள். ஒன்றாம் நம்பருக்கு பேரிங் போனால், மூன்றிலிருந்து எடு. இரண்டாம் நம்பருக்கு ரோலர் மழுங்கினால், மூன்றிலிருந்து எடு. ஒரு வருஷத்தில் மூன்றாம் நம்பருக்குள் ஒரு பூனை குட்டி போட்டது. அவ்வளவு இடம்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் 'ஓடுது' என்றால் மோட்டார் சுற்றுகிறது, அவ்வளவுதான். வேலை நடந்தால் 'இலை எடுக்குது' என்போம். மிஷினைக் கழற்றி மாட்டிவிட்டு ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஓடுதா என்று கேட்போம். அப்புறம்தான் எடுக்குதா என்று கேட்போம். இரண்டும் வேறு என்று பேக்டரியில் கூட்டிப் பெருக்குகிற ஆளுக்கும் தெரியும்.

ஒரு நாள் மேனேஜர் எங்கள் நாலு பிட்டரையும் கூப்பிட்டார். முதலாளியின் மருமகன் மெட்ராஸிலிருந்து பேக்டரியைப் பார்க்க வருகிறார். மூன்று மிஷினும் சுற்ற வேண்டும். ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்த்தால் பேக்டரியையே பூட்டச் சொல்லிவிடுவார். மூன்றாம் நம்பரில் ஒன்றும் இல்லையே என்றேன். மேனேஜர் மறந்தேபோயிருந்தார். எடுக்கச் சொன்னது அவர்தான். அப்புறம் வெள்ளி பெயின்ட் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

மேல்மாடியில் இலை வாட்டுகிற விசிறியிலிருந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தோம். பூனையைக் குட்டிகளோடு விறகுக் கொட்டகைக்கு மாற்றினோம். மூடியைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தோம். நான் நன்றாகவே அடித்தேன். செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிற புத்தி எனக்கு. அது எல்லா நேரமும் நல்ல புத்தி இல்லை.

ராசலிங்கம் அண்ணன் பெயின்ட் அடிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினார். என்னென்ன ரோலர், என்னென்ன பேரிங், எது எத்தனை நாள் தாங்கும் என்று. வருகிறவர் மேனேஜர் இல்லை, சாமான் வாங்கக் கையெழுத்துப் போடக்கூடியவர். அவர் கையில் கொடுத்தால் பேக்டரி பிழைக்கும் என்றார். என் சட்டைப் பையில் அதை வைத்தார்.

"நீங்க குடுங்க தம்பி. நான் குடுத்தா சிலோன்காரன் யூனியன் பேசுறான்னுவாங்க."

கொடுக்கிறேன் என்றேன்.

மருமகன் ஐயா பத்து மணிக்கு வந்தார். நல்ல மனுஷன். வெளியே மஞ்சு இறங்கி ரோடே தெரியவில்லை. மஞ்சில் பெயின்ட் காயாது என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. ஒன்றாம் நம்பர் கடகடவென்றது. இரண்டாம் நம்பர் அழுதது. மூன்றாம் நம்பர் சத்தமே இல்லாமல் ஓடியது. உள்ளே சத்தம் போட எதுவும் இல்லை. ஐயா அதன் முன்னால் நின்று மூடியில் கையை வைத்தார், மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல. கை முழுக்க வெள்ளி.

ராசலிங்கம் அண்ணன் மண்ணெண்ணெயில் முக்கிய பஞ்சை நீட்டினார். ஐயா கை துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது நல்லா ஓடுதாப்பா?"

அவருக்குப் பின்னால் மேனேஜர். எனக்குப் பக்கத்தில் ராசலிங்கம் அண்ணன். பையில் சீட்டு.

"ஓடுதுங்க" என்றேன்.

பொய் இல்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மற்ற இரண்டையும் இதைப்போல வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஐயா. மேனேஜர் குறித்துக்கொண்டார். போகும்போது, இங்கே எத்தனை பிட்டர் என்று கேட்டார். நாலு என்றார் மேனேஜர். "நாலா?" என்றார் ஐயா. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. ஆபீஸ் கிளார்க் தமிழில் வாசித்துச் சொன்னார். சிறந்த பராமரிப்பால் இயந்திரங்கள் மிக நல்ல நிலையில் இருக்கின்றன. ஆகையால் இரண்டு பிட்டர் போதும். கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போக வேண்டும். பேக்டரி கொடுத்த லைன் வீட்டையும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

கிளார்க் வாசித்து முடித்ததும் ராசலிங்கம் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"பெயின்ட் நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க தம்பி."

அவர் வீடு லைனில் கடைசி வீடு. சிலோனிலிருந்து வந்த பிறகு அந்தக் குடும்பம் கதவு வைத்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அதற்கு முன்னால் முகாம், தகரக் கொட்டகை, யாரோ ஒருவரின் மாட்டுத் தொழுவம். அவர் சம்சாரம் வாசலில் செடி வைத்திருந்தார். சாமான் ஏற்ற நானும் போனேன். அதிகம் இல்லை. ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, பாத்திர மூட்டை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மைத்துனன் இருக்கிறான், அங்கே போகிறோம் என்றார். ஜீப் கிளம்பும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணே, அன்னைக்கு அந்தச் சீட்டைக் குடுத்திருக்கோணுங்க."

"குடுத்திருந்தா மட்டும்? தமிழ்ல தானே எழுதினேன். அவருக்கு வாசிக்க ஏலாது."

சிரித்தார். அவர் சம்சாரம் சிரிக்கவில்லை. ஐயா தமிழ் படிப்பாரா மாட்டாரா என்று எங்கள் யாருக்குமே தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

அப்புறம் ரொம்ப நாள் இல்லை. இரண்டு பேர் பார்த்த மிஷின் எவ்வளவு நாள் ஓடும்? இரண்டாம் நம்பர் முதலில் நின்றது. எடுத்துப் போட மூன்றாம் நம்பரில் பெயின்ட்தான் இருந்தது. பேக்டரியைப் பூட்டினார்கள். மேனேஜர் ஈரோட்டில் மகன் வீட்டுக்குப் போனார். நான் ஊட்டிக்கு வந்து காந்தலில் தண்ணி மோட்டார் ரிப்பேர் பார்த்துக் காலத்தை ஓட்டினேன். திருப்பூருக்குக் கல்யாணம் காட்சி என்று எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ராசலிங்கம் அண்ணனைத் தேடிப் போகவில்லை. விலாசம் இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

இந்தக் கோடையில் மகளும் மருமகனும் வந்திருந்தபோது கோத்தகிரிப் பக்கம் போனோம். பேக்டரி இருந்த இடத்தில் ஓட்டல். இலை வாட்டிய மாடியில் மேஜை போட்டுச் சாப்பிடுகிறார்கள். லைன் வீடுகளை இடித்துச் சமமாக்கிக் கார் நிறுத்த விட்டிருக்கிறார்கள். காக்கிச் சட்டைக்காரர் விசில் ஊதி, லைனில் கடைசி வீடு இருந்த மூலையைக் காட்டினார். அங்கே சிமென்ட் படி ஒன்று மட்டும் தரையோடு தரையாகத் தெரிந்தது.

"இங்கயே நிறுத்தட்டுங்களா மாமா?" என்று மருமகன் கேட்டார்.

"நிறுத்துங்க" என்றேன்.