டீச்சர் கேட்ட ரிப்போர்ட்

என் மனைவி காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். பதினாறு வருடமாக அவள் வேலையில் பாதி, காதுக் கருவியைக் கழற்றாதே என்று அவர்களிடம் கெஞ்சுவது. தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சுவாள். அந்தப் பொறுமையில் கால்வாசி வீட்டுக்கு வந்திருந்தால் நான் கொடுத்து வைத்தவன்.

போன வருடம் அவள் வகுப்பைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். வழவழவென்று தரை, கண்ணாடி ஜன்னல், உயரமான கூரை. ஒரு வார்த்தை பேசினால் அறை முழுக்க முழங்கியது. கருவி அந்த முழக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேர் கருவியைக் கழற்றிப் பென்சில் பெட்டிக்குள் போட ஆரம்பித்தார்கள். கூரைக்கு ஒலியை உறிஞ்சும் பலகை அடிக்கக் கேட்டாள்.

“எதிரொலிக்குதுன்னு வாயால சொன்னா போதாது டீச்சர். அளந்து ரிப்போர்ட் குடுங்க” என்றார் தலைமையாசிரியர்.

“நீங்கதான் கம்ப்யூட்டர் கடையில இருக்கீங்களே” என்று அதை என் தலையில் கட்டினாள். நான் இருப்பது ஜெராக்ஸ் மிஷின் பக்கம். ஆனால் அவளிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மென்பொருள் இறக்கினேன். முதலாவது, திறந்ததுமே மைக்கைப் பற்றி ஏதோ கோப்பு கேட்டது, மூடிவிட்டேன். இரண்டாவது கலர் கலராக வரைபடம் போட்டது. தலைகீழாகப் பார்த்தாலும் அதே அழகுதான். மூன்றாவதில் ஒரு பொத்தான், ஒரு எண். நமக்கு இதுதான் சரி என்று முடிவு கட்டினேன். லேப்டாப்பில் ‘ஒலியைத் தெளிவாக்கு’ என்று ஒரு கட்டம் இருந்தது. தெளிவு நல்லதுதானே? டிக் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலி வகுப்பில் அவள் கை தட்டினாள். எனக்கே காது அதிர்ந்தது. எதிரொலி அடங்க 0.4 நொடி என்றது திரை.

“இது கம்மியா, ஜாஸ்தியா?”

“எல்லாம் ரிப்போர்ட்ல வரும்.”

பத்துப் பக்கம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். அதில் மட்டும் நான் கெட்டிக்காரன். படித்துப் பார்த்தோம், ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு எண் இருந்தால் பலமாகத்தான் இருக்கும் என்று கொடுத்துவிட்டோம்.

தலைமையாசிரியருக்குப் புரிந்துவிட்டது. “நல்ல ரூம்னு உங்க ரிப்போர்ட்டே சொல்லுதே டீச்சர்!”

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நான் டிக் அடித்த கட்டத்தின் வேலையே எதிரொலியை வெட்டி எறிவதுதான். அதை எடுத்துவிட்டு மறுபடி அளந்தோம். 1.3. புது ரிப்போர்ட்டுடன் இருவருமாகத் தலைமையாசிரியரிடம் ஓடினோம். அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“நீங்க நினைச்ச நம்பர் வர்ற வரைக்கும் அளந்துக்கிட்டே இருப்பீங்களா சார்?”

இரண்டையும் எடுத்துக்கொண்டு, பலகை இல்லாமலே வெளியே வந்தோம். வீடு வரும்வரை அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நேற்று அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுடன் பள்ளிக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் காதிலும் கருவி இல்லை. அவள் சத்தமில்லாமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“நாந்தான் கழட்டச் சொன்னேன்” என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். “பாவம், தலை வலிக்குதாம்.”