துரையின் ஒயின் பாட்டில்கள்

மலாயாவில், செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நான் சமையல்காரி. ஜப்பான்காரர்கள் வருகிறார்கள் என்றதும் துரை காரேறி ஓடிப்போனார். அவர் பங்களாவுக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். அவனுக்கும் நான்தான் சமைத்தேன். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த லாரியில் போகிறவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

ஒருநாள் மத்தியானம் அதிகாரி என்னைக் கூப்பிட்டான். மேசை நிறைய துரையின் ஒயின் பாட்டில்கள். பக்கத்தில் எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நின்றார். அவர்தான் அவனுக்கு மொழிபெயர்ப்பு.

"பெரிய ஆபீசர் விருந்துக்கு வர்றாராம். துரை விஷம் கலந்திருப்பானோன்னு இவருக்குச் சந்தேகம். நீ குடிச்சுப் பாத்து எது நல்லாயிருக்குன்னு சொல்லணும்."

"நான் இதெல்லாம் தொட்டதே இல்லீங்க, ஐயா."

"தொடு லா. ஒன் வீட்டுக்காரன சயாமுக்கு அனுப்பாம நிறுத்திக்கிறேங்கிறாரு."

குடித்தேன். கிராணி ஒவ்வொரு பாட்டிலாக ஊர் சொன்னார். பிரான்ஸ் சிவப்பு, மங்குஸ்தான் தோலைக் கடித்ததுபோல வாயை இழுத்தது. இன்னொரு பிரான்ஸ் பாட்டில் கெட்டுப்போய்க் காடியாகப் புளித்தது. ஜெர்மன் வெள்ளையில் ஜம்புக்காய் வாசம். போர்ச்சுகல் மட்டும் பாகுபோல இனித்து, வெறும் வயிற்றில் நெருப்பாக இறங்கியது. அதையே நல்லது என்றேன். பிறகு என்னை முக்காலியில் உட்காரவைத்து, விழுகிறேனா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தள்ளாடிக்கொண்டே லயத்துக்கு வந்தேன். குழாயடியில் நின்ற பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். "புருஷன் சாகப் போறான், இவளுக்குக் குடி கேக்குது" என்றாள் ஒருத்தி. வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "நெசமா விட்டுருவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

விருந்து முடிந்த மறுநாள் காலையில் லாரி வந்து அவரையும் ஏற்றியது. நான் கிராணியிடம் ஓடினேன்.

"ஐயா, நிறுத்திக்கிறேன்னாரே!"

"அவரு சொன்னாத்தான் எறக்குவாங்க. ராத்திரி அந்தப் போர்ச்சுகல குடிச்ச மயக்கத்துல இன்னும் எந்திரிக்கலம்மா. எழுப்புனா என்னைய வெட்டிப்புடுவான்."

லாரி போய்விட்டது. என் வீட்டுக்காரர் சயாமில் பேதியில் செத்ததாக, உயிரோடு திரும்பிய ஒருவர் பிறகு சொன்னார்.

சண்டை முடிந்து துரை திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். முதல் வேலையாக அலமாரியைத் திறந்து பார்த்தார்.

"என் போர்ச்சுகல் ஒயினை யார் குடிச்சா?" என்று தமிழில் கேட்டார்.

"ஜப்பான்காரங்க."

"பூமியில பொதச்சு வெச்சிருக்கலாமே. ஒனக்கு அந்த புத்தி இல்லையா?"

என் வீட்டுக்காரரைப் பற்றி அவர் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை ஆக்கி வைத்துவிட்டுப் பங்களாவைவிட்டு இறங்கினேன். மறுநாளே பக்கத்து டவுனான பீடோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன்.