மாமனார் கண்ணும் மெரூன் டேங்கும்

நான் படிச்சது அஞ்சாவது. நாலாவது எனக்கு ரொம்பப் புடிச்சிப்போயி அதை மட்டும் ரெண்டு வருசம் படிச்சேன். அதனால இதுல தப்பு கிப்பு இருந்தா என்னைத் திட்டாதீங்க, என்னை மேல தள்ளி விட்டவங்களத் திட்டுங்க.

அப்ப கடலூர்ல குட்டியானை, அதான் சின்ன லோடு வண்டி, ஓட்டிகிட்டு இருந்தேன். மீன் எறங்குற எடத்துக்கு ஐஸ் லோடு. காலங்காத்தால போனா மத்தியானத்துக்குள்ள வேல முடிஞ்சிரும். மத்த டிரைவருங்க எல்லாம் சீட்டு ஆடப் போவாங்க. நான் வீட்டுக்கு வந்து பெயின்ட் அடிப்பேன். செவுத்துக்கு இல்ல, வண்டிக்கு. மட்கார்டு, டேங்க், சைடு கவரு, காரு கண்ணாடிக் கவரு, எது கெடைச்சாலும் சரி. தொழிலுக்கு இல்ல, சும்மா ஆசைக்கு.

பக்கத்து வீட்டுல ஒரு ஃபிரிட்ஜ் செத்துருச்சி. அதுக்குள்ள இருந்த கம்ப்ரஸர் மட்டும் சாவல. அதக் கழட்டி, லாரியில இருந்து எடுத்த பழைய காத்து டேங்குல மாட்டி, பெயின்ட் தூவுற ஸ்ப்ரே கன்னையும் சேத்தேன். ஸ்விட்ச் போட்டா டர்ர்ருனு கத்தும், ஆனா காத்து வரும். மொதல்ல என் வண்டி மட்கார்டுக்கு அடிச்சேன். அப்பறம் கை நிக்கல. டேபிள் ஃபேன் ரெக்கைக்கு செவப்பு அடிச்சேன். போட்டா ஊடு நெருப்பு புடிச்ச மாதிரி சுத்துச்சி. மாவாட்டுற கிரைண்டருக்கு மெட்டாலிக் ப்ளூ. எம் பொண்டாட்டி, "தூங்கறப்ப எம் மூஞ்சிக்கும் அடிச்சிராதீங்க"ன்னு சொல்லிட்டு சேலய இழுத்து மூடிகிட்டுதான் படுப்பா.

அதுல என்னா இருக்குதுன்னு கேப்பாங்க. எனக்கு சொல்லத் தெரியாது. கன்ன அமுக்குனா பெயின்ட் பனி மாதிரி வரும். தகரத்துல போயி சொரசொரன்னு ஒக்காரும். இன்னொரு தடவ கைய ஓட்டுனா, அந்தப் புள்ளி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துகிட்டு, படக்குனு தண்ணி மாதிரி ஆயிரும். இவ்ளோ நேரம் துருப்புடிச்ச தகரமா இருந்தது, இப்ப வானத்தக் காட்டும். ஒவ்வொரு தடவையும் நான் வாயப் பொளந்துருவேன். பொளந்தா பெயின்ட் உள்ள போவும். அதுக்குத்தான் மூஞ்சில ஈரத்துண்டு கட்டிக்கிறது.

எம் மாமனாருக்கு சிதம்பரம். மில்லுல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. அவருகிட்ட ஒரு பழைய பைக்கு உண்டு, மெரூன் கலரு. வாங்குன அன்னிக்கு கோயில் வாசல்ல நிறுத்தி, எலுமிச்சம்பழத்து மேல ஏத்துன வண்டி. எம் பொண்டாட்டி சின்னப் புள்ளையில அந்த டேங்கு மேல ஒக்காந்துதான் ஸ்கூலுக்குப் போனா. அந்த வண்டிய மனுசன் யாரையும் தொட விடமாட்டாரு. எனக்குப் பொண்ணக் குடுத்தாரு, வண்டிச் சாவிய மட்டும் குடுக்கல.

அவருக்கு எடது கண்ணு சின்ன வயசுலயே கிட்டிப்புள்ளு அடிச்சிப் போயிருச்சி. சோத்தாங்கைப் பக்கக் கண்ணுலதான் இத்தினி வருசமும் ஓட்டுனாரு. அந்தக் கண்ணுலயும் புரை விழுந்துருச்சி. சொன்னா ஒத்துக்க மாட்டாரு. கரன்ட்டு போஸ்ட்டு வந்து அவரு மேல மோதுச்சின்னுதான் சொல்லுவாரு. கடைசியா எம் மச்சான், அதாவது எம் பொண்டாட்டியோட தம்பி, சண்ட போட்டு ஆஸ்பத்திரிக்கி இட்டுகிட்டுப் போனான். ஆபரேசன்னு சொல்லிட்டாங்க. "நல்லாதான் வரும். ஆனா இருக்கறது ஒரே கண்ணு, எதுக்கும் மனசத் தயார் பண்ணிக்குங்க"ன்னு டாக்டரு சொன்னாராம். அத கேட்டதுல இருந்து எம் பொண்டாட்டி ஒழுங்கா சாப்புடல.

நாங்க பாக்கப் போனப்ப மாமனாரு என்னத் தனியாக் கூப்ட்டாரு.

"மாப்ள, கட்டுப் பிரிச்சி வந்தா மொதல்ல என் வண்டியப் பாக்கணும். வாங்குன அன்னிக்கு இருந்த கலருல பாக்கணும். நீங்கதான் ஃபேனு, கிரைண்டருன்னு எல்லாத்துக்கும் அடிக்கிறீங்களே."

"அடிச்சிரலாம் மாமா."

"கண்ணு வரலைன்னா தடவியாச்சும் பாத்துக்கறேன்."

சொல்லிட்டு சாவிய எங் கையில வெச்சாரு. கல்யாணத்தன்னிக்கு தாலியக்கூட நான் அப்பிடிப் பொத்திப் புடிக்கல.

கலரு வாங்க அவரும் கூட வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெயின்ட் கடை. லால்பேட்ட பாய் ஒருத்தரு, டப்பாவ ஆட்டி ஆட்டியே கலர் சேத்துருவாரு. எனக்குக் கூட்டாளி. அவரப் பின்னாடி ஒக்கார வெச்சி அந்த வண்டியத்தான் ஓட்டிகிட்டுப் போனேன். அது வெயில்ல நின்னு நின்னு வெந்த செங்கல்லு கலருக்கு வந்திருந்திச்சி. பாய் அதப் பாத்தாரு, ரெண்டு டப்பாவத் தொறந்தாரு, கலந்தாரு, ஒரு அட்டையில தடவி நீட்டுனாரு.

"இந்தாங்க அய்யா, மெரூன்."

மாமனாரு அட்டைய மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. "இது கறுப்பு."

"கறுப்பு இல்ல அய்யா..."

"எனக்குக் கண்ணு மங்கல்தான், குருடு இல்ல. செவப்பு ஊத்து."

பாய் ஊத்துனாரு. "பத்தாது." இன்னும் ஊத்துனாரு. "இன்னும் பளிச்சினு." கொஞ்சம் ரோஸ் சேத்தாரு. அட்டைய நான் பாத்தேன். பொண்ணழைப்பு அன்னிக்குப் பொண்ணுக்குப் பூசற லிப்ஸ்டிக் மாதிரி இருக்குது. மாமனாரு மூஞ்சி மலந்துபோச்சி. "இதான்! இதான் மாப்ள என் வண்டி!"

பாய் எங் காதுல, "மச்சான், இத அடிச்சா வண்டிக்கு வளகாப்புதான் பண்ணணும்"னாரு.

நான் என்னா சொல்றது? மாமனாரு தலைய ஆட்டுனா மருமவன் டப்பாவத் தூக்கணும். எங்க ஊர்ப் பக்கம் அதான் வழக்கம். தூக்கிகிட்டு வந்துட்டேன்.

டேங்க், சைடு கவரு, மட்கார்டு எல்லாத்தையும் கழட்டி குட்டியானையில போட்டு கடலூருக்கு எடுத்தாந்தேன். மொதல்ல டேங்க மட்டும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சி, பள்ளத்துக்குப் பட்டி பாத்து, பிரைமரு குடுத்து, அந்தக் கலர அடிச்சேன். முருங்க மரத்துல தொங்கவிட்டுப் பாத்தா, மரத்துல ரோஸ் கலர்ல பலாப்பழம் காச்ச மாதிரி இருந்திச்சி.

எம் பொண்டாட்டி தண்ணிக் கொடத்தோட வந்தா. நின்னா. கொடத்த எறக்கி வெச்சா.

"இது எங்கப்பா வண்டியே இல்ல."

"உங்கப்பாதான் இந்தக் கலரு சொன்னாரு."

"எங்கப்பாவுக்கு உங்களப் பாத்தா நல்ல மாப்ளைன்னு தெரியிது. அந்தக் கண்ண நம்பி கலரு வாங்குனீங்களா?"

இன்னும் தேய்க்காத ஒரு சைடு கவரு கெடந்துச்சி. அத மடியில வெச்சிகிட்டா. ஸ்க்ரூடிரைவர எடுத்து அதுல இருந்த கம்பெனி பேட்ஜக் கழட்டுனா. கழட்டி, அந்த எடத்த முந்தானையால தொடச்சிட்டு எங்கிட்ட நீட்டுனா.

பேட்ஜுக்கு அடியில வெரலகலத்துக்கு அந்தக் கலரு அப்பிடியே இருந்திச்சி. வெயிலு படல, மழ படல. நாவப்பழத்தக் கையில நசுக்குனா வருமே, அந்த இருட்டு. சாச்சிப் புடிச்சா அந்த இருட்டுக்குள்ள இருந்து ஒரு செவப்பு எட்டிப் பாக்குது. நான் எத்தினியோ வண்டிக்கு அடிச்சிருக்கேன், ஒரு பேட்ஜுக்கு அடியிலயும் இப்பிடிப் பாத்ததில்ல. பாத்திருந்தாலும் என் மண்டைக்கு ஏறியிருக்காது. வண்டி பூரா வெந்துபோயும், வாங்குன நாளு அதுக்குள்ள ஒளிஞ்சிகிட்டு இருந்திருக்கு.

"இப்பத் தெரியிற கலரு வேணுமா, கண்ணு வந்தாத் தெரியப்போற கலரு வேணுமா?"னு கேட்டா.

இந்தக் கேள்விக்கி நாலாவதுல ரெண்டு வருசம் பத்தாது. மெரூன அடிச்சிட்டு, கண்ணு வரலைன்னா? அவரு கண்ணுக்கு அது கறுப்பாவே நின்னுரும். ரோஸ அடிச்சிட்டு, கண்ணு வந்துட்டா? என்ன அந்த வண்டியிலயே கட்டி ஊர்கோலம் விட்டுருவாரு.

"வரும்"னா அவ. கண்ணத்தான் சொன்னா. கொடத்தத் தூக்கிகிட்டு உள்ள போயிட்டா.

சைடு கவர எடுத்துகிட்டு மறுபடி சிதம்பரம் ஓடுனேன். பாய் அதப் பாத்தாரு. மேசைக்கி அடியில இருந்து ஒரு டப்பாவ எடுத்தாரு. "மொதல்ல கலந்தத நான் கொட்டவே இல்ல மச்சான். நீ வருவன்னு தெரியும்." பேட்ஜ் எடத்துல ஒரு சொட்டு வெச்சிப் பாத்தோம். சொட்டு எங்க இருக்குன்னே தெரியல.

ரோஸத் தேச்சி எறக்கறதுக்குள்ள ஆபரேசன் நாளு வந்துருச்சி. ஐப்பசி மாசம். மழ விட்டு விட்டு ஊத்துது. ஆஸ்பத்திரியில ஒரு ஆளுதான் கூட இருக்கலாம்னு சொல்லிட்டதால மச்சான் அங்க இருந்தான். எம் பொண்டாட்டி செல்போனப் புடிச்சிகிட்டு வாசப்படியில ஒக்காந்திருந்தா. மழ கொஞ்சம் விட்ட நேரத்துல, இப்ப அடிக்கலைன்னா எப்பவும் இல்லன்னு நான் எறங்குனேன். பழைய கொசு வலையக் கட்டி அதுக்குள்ள டேங்கத் தொங்க விட்டேன். தூசி கெளம்பக் கூடாதுன்னு பக்கெட்ல தண்ணி மொண்டு, வாசல் தெளிக்கிற மாதிரி சுத்தி தாராளமா தெளிச்சேன். எனக்குத்தான் மூளை ஜாஸ்தியாச்சே!

அடிச்சேன். புள்ளி எல்லாம் கை கோத்துச்சி. அந்த நாவப்பழ இருட்டு வந்து நின்னுச்சி. நான் வாயப் பொளந்தேன். பொளந்த வாய மூடல, டேங்கு மேல வெள்ளையா ஒண்ணு எழும்புது. மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி. அப்பிடியே பரவி, கலர மூடி, பாலாட மாதிரி நின்னுருச்சி. தொடச்சா போவல. அது மேல இல்ல, உள்ள இருக்குது.

பக்கத்து வீட்டு அக்கா செவுத்துக்கு மேல எட்டிப் பாத்து, "கம்பெனிக் காத்து தம்பி. எங்க ஊட்டு பாலே நேத்து திரிஞ்சிபோச்சி"ன்னாங்க. எங்க பக்கம் எது கெட்டாலும் கம்பெனிக் காத்துதான். நானும் கெமிக்கல் கம்பெனிங்க இருக்கற சிப்காட் பக்கம் திரும்பி நல்லா நாலு வார்த்த திட்டுனேன். பாவம் காத்து, அது என்னா பண்ணும்? மழ ஈரம் பத்தாதுன்னு பக்கெட்டு பக்கெட்டா ஊத்துனது நானு. ஈரம் பெயின்டுக்குள்ள மாட்டிகிச்சின்னு பின்னாடிதான் தெரிஞ்சிச்சி.

எம் பொண்டாட்டி எழுந்து வந்தா. டேங்கப் பாத்தா. "எங்கப்பா கண்ணு மாதிரியே இருக்குது"ன்னு சொன்னா. போயி மறுபடி வாசப்படியில ஒக்காந்துகிட்டா. ஆபரேசன் அன்னிக்குன்னு பாத்து அது அப்பிடி ஆயிருச்சி. சகுனம் பாக்கற ஆளு இல்ல நானு. பூன குறுக்க போனா பூனைக்குத்தான் கெட்ட நேரம்னு சொல்றவன். அன்னிக்கு ஒரு பூன போயிருந்தா நானே நின்னுருப்பேன்.

சரி, கன்னயாச்சும் கழுவி வெப்போம்னு பெயின்டக் கொட்டிட்டு, அதக் கரைக்கிற தின்னர ஊத்துனேன். கழுவறதுக்கு சும்மா காத்துல ரெண்டு தடவ அடிக்கணும். ஆத்தரத்துல டேங்கப் பாத்தே அடிச்சேன். போ, ஒழிஞ்சி போன்னு.

தின்னர் பட்ட எடத்துல வெள்ள நகந்துச்சி.

நான் கண்ணக் கசக்கிகிட்டேன். இன்னொரு தடவ, தூரத்துல இருந்து, மெதுவா தூவுனேன். புகை வெலகற மாதிரி வெலகுது. வெலகுன எடத்துல அந்த இருட்டு. அந்த இருட்டுக்குள்ள செவப்பு. முருங்க மரம் தெரியிது, கொசு வலையோட ஓட்ட தெரியிது, துண்டு கட்டுன ஒரு திருட்டு மூஞ்சி தெரியிது. கலரு எங்கயும் போவல. அது அங்கயேதான் இருந்திருக்கு, மேல ஒண்ணு வந்து மூடியிருக்கு, அவ்ளோதான். எனக்குக் கடவுள் நம்பிக்க அப்பிடி ஒண்ணும் பெருசா கெடையாது. ஆனா கன்னக் கீழ வெச்சிட்டு அந்த டேங்கப் பாத்து கும்புட்டேன். யாரக் கும்புட்டேன்னு இன்னிக்கும் தெரியாது.

"ஏய், இங்க வா"ன்னு கத்துனேன். அவ ஓடியாந்து பாத்தா. துண்டோட என் மூஞ்சியயும் பாத்தா. செல்லு அடிச்சிச்சி. மச்சான்.

"முடிஞ்சிருச்சிக்கா. கட்டுப் போட்டு வெச்சிருக்காங்க. நாளைக்குப் பிரிச்சாத்தான் தெரியும்."

அன்னிக்கு ராத்திரியே, தண்ணி தெளிக்காம, மட்கார்டுக்கும் சைடு கவருக்கும் அடிச்சி முடிச்சேன். மறுநாளு டேங்கயும் மத்ததயும் அவ பட்டுச்சேலயில சுத்தி, மடியில வெச்சிகிட்டு குட்டியானையில வந்தா. நான் ஒரு பள்ளத்துல எறக்குனா போதும், "யோவ்!"ம்பா. சிதம்பரத்துல எல்லாத்தையும் மாட்டி, வண்டிய வாசல்ல நிறுத்தி, எதுத்தாப்ல ஒரு சேரும் போட்டு வெச்சோம்.

ஆட்டோ வந்துச்சி. மாமனாரு கறுப்புக் கண்ணாடி போட்டுகிட்டு மச்சான் கையப் புடிச்சி எறங்குனாரு. மச்சான் மூஞ்சியப் பாத்தேன். அவன் ஒதட்டப் பிதுக்குனான். கட்டுப் பிரிச்சதுல இருந்து மனுசன் ஒரு வார்த்த பேசலையாம். தெரியுதான்னு டாக்டரு கேட்டதுக்கு தலைய ஆட்டுனதோட சரியாம்.

சேர்ல ஒக்காந்தாரு. கண்ணாடியக் கழட்டுனாரு. மொதல்ல வேட்டியப் பாத்தாரு. "இவ்ளோ வெள்ளையாவா இருக்குது?"ன்னாரு. பொண்ணப் பாத்தாரு. "என்னாம்மா, இப்பிடிக் கறுத்துட்ட?" அவ அழுதுகிட்டே சிரிச்சா. என்னப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. சொல்லாதது எனக்கு நல்லதுதான்.

அப்பறம் வண்டி.

தலைய எடது பக்கம் சாச்சாரு, வலது பக்கம் சாச்சாரு. வெரலால தொட்டாரு. கைய எடுத்துட்டு, தொட்ட எடத்தப் பாத்தாரு. குனியப் போனாரு. "அப்பா, குனியக் கூடாது!"ன்னு அவ கத்துனா. நிமிந்து ஒக்காந்துகிட்டே டேங்கோட அடி ஓரத்தக் காட்டுனாரு.

"மாப்ள, இங்க ஒரு சொட்டு வழிஞ்சி நிக்கிது."

நான் போயி பாத்தேன். எனக்குத் தெரியல. மச்சான் பாத்தான், அவனுக்கும் தெரியல. மண்டி போட்டு, கன்னத்த டேங்குல ஒட்ட வெச்சிப் பாத்தப்பறம்தான் தெரிஞ்சிது. கடுகளவு. வழிஞ்சி அப்பிடியே காஞ்சிருக்குது.

"ஞாயித்துக்கெழம வந்து அதத் தேச்சி எடுத்துருங்க. பாக்க நல்லா இல்ல."

எவ்ளோவோ பேருகிட்ட திட்டு வாங்கியிருக்கேன். ஒரு குத்தத்துக்கு அப்பிடி சந்தோசமாத் தலைய ஆட்டுனது அன்னிக்குத்தான்.

"சரிங்க மாமா"ன்னேன். சாவிய நீட்டுனேன். சட்டுனு வாங்கி, வேட்டியில முடிஞ்சிகிட்டாரு.