தட்டினால் அச்சடிக்கும்

“பாவம், புருசன் வெளிநாட்டில. கஷ்டம் வரும்தானே” என்று ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பற்றி ஒருவர் சொன்னார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். இரக்கப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் என்னைக் கள்ளி ஆக்கிவிட்டு, அடுத்த மிடறு தேத்தண்ணீரைக் குடித்தார் அந்த மனிசன்.

யுத்த காலம். திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைவிட மூத்த ஆசிரியர். பின்னேரங்களில் சொந்தமாக ஒரு ரியூசன் வகுப்பு நடத்தினார். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத மனிசன் அங்கே தொண்டை கிழியக் கத்துவார் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிக்கும்.

ஏதோ ஓர் உதவி நிறுவனம் எங்களுக்கு ஒரு கொம்பியூட்டர் தந்திருந்தது. அதில் தமிழ் ரைப் பண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கலியாணத்துக்கு முன் ரவுனில் ஒரு வகுப்புக்குப் போய்ப் பழகியிருந்தேன். தெரிந்தவள் தலையில்தானே எல்லாம் விழும்? தவணைப் பரீட்சை வந்தால் எல்லாப் பாட ஆசிரியர்களும் வினாக்களைக் கையால் எழுதி என்னிடம் தருவார்கள். நான் முதுகு முறிய ரைப் பண்ணிக் கொடுப்பேன். ஒரு நன்றி கிடையாது.

இரண்டாம் தவணைப் பரீட்சையில் அவருடைய ரியூசன் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விடை எழுதினார்கள். சோதனைக்கு முதல்நாள் அவர் ‘எதிர்பார்க்கும் வினாக்கள்’ என்று கொடுத்தவை அப்படியே தாளில் வந்திருந்தன. மற்றப் பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் பள்ளிக்கூட அதிபரிடம் வந்து சண்டை பிடித்தார்கள். அதிபர் கூட்டம் வைத்தார். தனக்கு அனுபவம், என்ன வரும் என்று தெரியும் என்று அவர் சொன்னதை அதிபர் நம்பினார். பிறகு அவர் மெதுவாக, “எங்கட கையெழுத்தில போகுது, அச்சில வருது. நடுவில இருக்கிறது ஓராள்தானே” என்றார். அதற்குப் பின்னால்தான் அந்த ‘பாவம்’ வந்தது.

இன்னொரு முறை தாள் வெளியே போனால் என்னைத் தோப்பூருக்கு மாற்ற எழுதப்போவதாக அதிபர் எச்சரித்தார். தோப்பூரில் ஒரு குறையும் இல்லை. வயலும் சந்தையுமாக நல்ல ஊர். குறை நடுவில் கிடந்த கடலில்தான். இறங்குதுறையில் நேவியின் சோதனை முடித்து, லோஞ்ச் படகில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுக்கவேண்டும். கடலில் ஏதாவது நடந்தால் நேவி லோஞ்சை நிற்பாட்டிவிடும். திங்கட்கிழமை போன ரீச்சர்மார் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பால்குடி மறக்கவில்லை. புருசன் சவூதியில். பள்ளிக்கூடம் விடும்வரை பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வா, அவ்வளவுதான். அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கரையில் எங்கே வைப்பேன்? விட்டுவிட்டுப் போனால் ராவில் யாரிடம் அழும்?

அந்த விடுமுறை முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் யார் எடுத்தது என்று நெஞ்சுக்குத் தெரிந்ததே தவிர, கையில் ஒன்றும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பிள்ளை ஒருநாள் விஞ்ஞானத்தில் சந்தேகம் கேட்க வந்தது. அவருடைய ரியூசனில் படிக்கிற பிள்ளை. சேர் முதல்நாள் தந்த விசைக் கணக்கு எப்படிச் செய்தும் விடை வரவில்லையாம், அதே கணக்கு சோதனையில் வந்தபோது விடை வந்துவிட்டதாம், ஏன் ரீச்சர் என்று கேட்டது. அந்தக் கணக்கை ரைப் பண்ணும்போது ஓர் எண்ணைப் பிழையாக அடித்திருந்தேன். பிறகு கண்டு, பிரதி எடுக்க முன்னம் அச்சில் வந்த தாளில் மட்டும் பேனையால் திருத்தினேன். கொம்பியூட்டருக்குள் பிழை பிழையாகவே இருந்தது. அப்படியென்றால் அவர் தாளைப் பார்த்து எழுதவில்லை. நான் இல்லாத நேரம் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து எழுதியிருக்கிறார்!

அந்தப் பிள்ளையை அதிபருக்கு முன்னால் நிறுத்தியிருந்தால் அதன் படிப்புத்தான் நாசமாகியிருக்கும். நிறுத்தவில்லை. ஃபைலுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கலாம். அது கதவைப் பூட்டுகிற வேலை. எனக்குக் கதவு பூட்ட வேண்டாம், ஆள் பிடிபட வேண்டும்.

அதற்கு வழி எனக்கு முன்னமே தெரியும். கொம்பியூட்டரில் ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் ஒரு புரோகிராம் பொறுப்பு. ஃபைலை மௌஸால் இரண்டு தரம் தட்டினால் அந்தப் புரோகிராம் வந்து திறக்கும். எதை எது திறக்கவேண்டும் என்று நாங்கள் மாற்றிவைக்கலாம். ஒருமுறை விளையாட்டுப் போட்டிப் படங்கள் ஒரு பெரிய புரோகிராமில் ஆமை வேகத்தில் திறக்கிறதே என்று சின்னப் புரோகிராம் ஒன்றுக்கு மாற்றப் போனேன். அதே இடத்தில் இன்னொன்றும் இருந்தது. தட்டினால் திறக்கவேண்டுமா, அல்லது நேரே அச்சடிக்கவேண்டுமா என்றும் அங்கே சொல்லிவைக்கலாம். நான் தெரியாமல் ‘அச்சடி’யை வைத்துவிட்டு, ஏன் திறக்குதில்லை என்று தட்டித் தட்டி ஒரு கட்டுத் தாளை நாசமாக்கினேன். வெளியே போட்ட தாளையெல்லாம், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகள் மாதிரித் திரிகிற மான்கள் மைதானத்துக்கு வந்து தின்றன.

எங்கள் பிரிண்டர் இருந்தது அதிபரின் அறையில். அது அந்தக் காலத்துப் பயம். றோனியோ என்கிற பிரதி மெஷினோ பிரிண்டரோ திறந்த இடத்தில் இருந்து, யாராவது அதில் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்துவிட்டால், பள்ளிக்கூடமே இராணுவ முகாமுக்குப் போய் நிற்கவேண்டி வரும். அதனால் அச்சடிக்கிறதெல்லாம் தன் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று அதிபர் சுவரில் துளை போட்டு வயரை இழுத்து வைத்திருந்தார். பக்கத்து அறையில் கொம்பியூட்டர், சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர். ஊசி ஊசியாகக் குத்தி அடிக்கிற பழைய மெஷின். அடிக்கத் தொடங்கினால் அந்த அறையில் கதைக்க ஏலாது.

மூன்றாம் தவணை வினாத்தாள்களை ரைப் பண்ணி முடித்த அன்று, எழுத்து ஃபைல்களைத் தட்டினால் அச்சடிக்கிற மாதிரி மாற்றிவைத்தேன். எனக்குத் தொல்லை இல்லை. முதலில் புரோகிராமைத் திறந்து, உள்ளே போய் ஃபைலை எடுக்கலாம். அவருக்கு அது தெரியாது. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகிய வித்தை அவருடையது. இரண்டு தரம் தட்டுவது ஒன்றுதான் தெரியும். காலையில் அதிபருக்கு ஏதோ சுற்றறிக்கை அடித்துக் கொடுத்துவிட்டு, பிரிண்டரை நிற்பாட்டாமல் வந்தேன். இப்படி நாள்தோறும் செய்தேன். இரை வைத்துவிட்டுக் காத்திருக்கிறதில் ஒரு சுகம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

ஒருநாள் இடைவேளையில் அவர் ஆசிரியர் அறையில் இல்லை. நான் வேண்டுமென்றே எல்லோருக்கும் தெரிய நடுக் கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்தேன். அதிபர் அறையில் இரண்டு தாய்மார் வந்து கதைத்துக்கொண்டிருந்தார்களாம். பிரிண்டர் திடீரென்று கத்தத் தொடங்கியிருக்கிறது. ‘பதினோராம் ஆண்டு, விஞ்ஞானம், மூன்றாம் தவணை’ என்று தாள் மேலே வருகிறது, அந்தத் தாய்மாரின் கண்ணுக்கு முன்னால். அதிபர் பதறிப்போய்ப் பியோனைக் கூப்பிட்டு, உடனே நிற்பாட்டச் சொல்லி என்னிடம் அனுப்பினார். இடைவேளைதானே என்று பழக்கத்தில் பியோன் நேரே ஆசிரியர் அறைக்கு வந்து, என்னைக் கண்ட பிறகுதான் திகைத்துப்போனார். “ரீச்சர் இங்க இருக்கிறா, அப்ப அங்க அடிக்கிறது ஆர்?” என்று எல்லோரும் கேட்கக் கேட்டார்.

பியோன் போய்ச் சொல்ல, அதிபரே எழும்பிப் போய்க் கொம்பியூட்டர் அறைக் கதவைத் தள்ளினார். அந்த மனிசன் உள்ளே, பேனையும் வெறுந்தாளுமாக. ஃபைலைத் தட்டியிருக்கிறார். ஏதோ திறந்த மாதிரி மின்னி மூடுபட்டுவிட்டது. திரும்பவும் தட்டியிருக்கிறார். அதுவும் சரிவராமல் கணிதத்தைத் தட்டி, வரலாற்றைத் தட்டி, தமிழைத் தட்டியிருக்கிறார். எல்லாப் பாடமும் ஒரே நீளத் தாளாகத் தொடுத்துக்கொண்டு அதிபரின் காலடிவரை போய்க் கிடந்தது. பரீட்சைக் காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் றோனியோ இரையாத நேரம் இல்லை. அதுதான் என்று அவர் நினைத்துவிட்டார்.

தான் பரீட்சை நேரசூசி பார்க்க வந்ததாகவும், மெஷின் பழுதாகித் தானே அடித்ததாகவும் அவர் சாதித்தார். அதிபருக்குக் கொம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்தநாள் என்னை வைத்துக்கொண்டு விசாரிப்பதாகச் சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் அந்த மனிசன் என் வீட்டுப் படலை வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே கூப்பிட்டேன், ஆனால் கதிரை காட்டவில்லை. நின்றபடியே கதைக்கட்டும் என்று விட்டேன். “மெஷின் பழுது எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ ரீச்சர். நீங்கள் சொன்னால் அதிபர் நம்புவார். மூண்டு குமர்ப்பிள்ளையளை வைச்சிருக்கிறன். அக்கரைக்குப் போட்டா என்ர குடும்பம் சிதறிப்போகும்” என்றார். என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தாள். அவளை அவர் பார்க்கவேயில்லை. இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறவளைத்தானே அந்தக் கரைக்கு அனுப்பப் பார்த்தார்!

“யோசிச்சுச் சொல்லுறன் சேர்” என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த ராத்திரி அவர் நித்திரை கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

விடிய அதிபர் அறையில், மெஷின் பழுதா என்று அதிபர் கேட்டார். அந்த மனிசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறைக்குப் போய் ஒரு ஃபைலை இரண்டு தரம் தட்டிவிட்டுத் திரும்பிவந்தேன். பிரிண்டர் கத்தியது. அது அடித்து முடிந்ததும் தாளைக் கிழித்து அதிபரின் மேசையில் வைத்தேன்.

“பழுதில்லை சேர். தட்டினா அச்சடிக்கிற மாதிரி நான்தான் மாத்தி வைச்சனான். ஆர் தட்டுறது எண்டு பார்க்க” என்றேன்.

அவருடைய முகம் செத்துப்போனது. ஆனால் அதிபரின் கோபம் என்மேல்தான் முதலில் பாய்ந்தது. சந்தேகம் இருந்தால் தன்னிடம் சொல்லியிருக்கலாமே, பள்ளிக்கூடச் சாமானில் பொறி வைக்கிறதா என்று சத்தம் போட்டார். இதற்காகவே என்னை மாற்றினாலும் மாற்றலாம். ஆனால் அடக்கிவைத்தது அவ்வளவும் வாய்க்கு வந்துவிட்டது.

“எடுத்தனீங்களோ எண்டு அண்டைக்கு நீங்கள் என்னட்டக் கேட்கேல்லை சேர். எடுத்தனீங்கள் எண்டுதான் சொன்னனீங்கள். பிறகு நான் உங்களிட்ட எதைச் சொல்ல?”

அதிபர் மேசையில் கிடந்த அச்சுத் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். பிறகு என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார்.

களவு என்று அதிபர் எங்கும் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடுமாம். ‘சேவையின் தேவை கருதி’ அந்த மனிசனைத் தோப்பூருக்கு மாற்றும்படி வலயக் கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் போனது. ரைப் பண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே, அதையும் நான்தான் அடித்தேன். ஒரு பிழை விடாமல், இரண்டு முறை வாசித்துச் சரி பார்த்து அடித்தேன். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் எனக்காக ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவர் போகவேண்டிய திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, மகளுக்கு நல்ல சட்டை உடுத்தி, இறங்குதுறைக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பார்க்கத்தான் போனேன். கயிற்றுக்கு அப்பால் வரிசையில் அவர் நின்றார். நேவிக்காரன் அவருடைய பையைக் கவிழ்த்து, சாறத்தையும் சவர்க்காரத்தையும் சோற்றுப் பார்சலையும் மேசையில் பரப்பிச் சோதித்தான். ஒவ்வொன்றாக அவர் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தார், இடுப்பில் பிள்ளையுடன் நிற்கிற என்னைக் கண்டார். நான் கண்ணை எடுக்கவில்லை.

லோஞ்ச் புறப்பட்டபோது மகள் அதற்குக் கை காட்டத் தொடங்கினாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவள் விடாமல் காட்டினாள். எனக்கு இடுப்பு வலித்தது, அவளை மற்றப் பக்கம் மாற்றித் தூக்கிக்கொண்டு, லோஞ்ச் கண்ணுக்கு மறையும்வரை நின்றேன்.